லினியேஜ்ஓஎஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆண்ட்ராய்டு போனில் லினியேஜ்ஓஎஸ் போட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே இருக்கின்றன. போடும் முறையை விட, போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும் கேள்விகள்தான் அதிகம். போட்ட பிறகு வருந்துபவர்களில் பெரும்பாலோர் படிகளில் தவறியவர்கள் அல்ல. முன்கூட்டியே பார்க்க வேண்டியதைப் பார்க்காதவர்கள்.

லினியேஜ்ஓஎஸ் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டின் மூல நிரலை ஏஓஎஸ்பி என்ற பெயரில் கூகுள் வெளியிடுகிறது. அதை எடுத்து, ஒவ்வொரு போன் மாடலுக்கும் அளவெடுத்துத் தைத்துத் தரும் தன்னார்வலர்களின் திட்டம்தான் லினியேஜ். துணி கூகுளுடையது, தையல் இவர்களுடையது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. கம்பெனி இரண்டு மூன்று வருடத்தில் கைகழுவிய போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டு வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

சயனோஜென்மோடுதான் இதுவா?

அதன் வாரிசு. 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் எச்டிசி ட்ரீம் போனுக்காகத் தொடங்கியது சயனோஜென்மோடு. 2013-இல் அதைச் சுற்றி ஒரு கம்பெனி உருவானது. 2016 டிசம்பரில் அந்தக் கம்பெனி தன் சர்வர்களை மூடப்போவதாக அறிவித்ததும், நிரல் எழுதிவந்தவர்கள் அதே நிரலை எடுத்துக்கொண்டு லினியேஜ் என்ற புதுப்பெயரில் தொடர்ந்தார்கள். கம்பெனி போனாலும் நிரல் போகவில்லை. ஓபன் சோர்ஸ் உரிமம், அதாவது நிரலை யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமம், இருந்ததால்தான் அது முடிந்தது.

22, 23 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

லினியேஜ் எண்ணிலிருந்து 7-ஐக் கழித்தால் ஆண்ட்ராய்டு எண் வந்துவிடும். லினியேஜ் 20 என்றால் ஆண்ட்ராய்டு 13, 22 என்றால் 15, 23 என்றால் 16.

முழுக்க ஓபன் சோர்ஸா?

இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்ற பல கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

போனுக்குள் மென்பொருள் பல அடுக்குகளாக இருக்கிறது. மேலே நாம் பார்க்கும் ஆண்ட்ராய்டு, அப்பாச்சி உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. அதன் கீழே, வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் லினக்ஸ் கர்னல். அது ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் போன் கம்பெனி அதன் நிரலை வெளியிட்டே ஆக வேண்டும். கேமரா, மோடம், கைரேகை, கிராஃபிக்ஸ் சிப் ஆகியவற்றை இயக்கும் கோப்புகள் மட்டும் மூடியவை. வழக்கில் இவற்றை பிளாப் என்பார்கள். கம்பெனியின் மென்பொருளிலிருந்து அவற்றை அப்படியே பிரித்தெடுத்துத்தான் லினியேஜ் பயன்படுத்துகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், போனை முதலில் எழுப்பும் பூட்லோடர், மோடம் சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர். பெரும்பாலான மாடல்களில் லினியேஜ் அவற்றைத் தொடுவதே இல்லை.

கேமரா படம் பழைய மாதிரி வராதது, வோல்ட்டி (4ஜி வழி அழைப்பு) வேலை செய்யாதது, பாதுகாப்புத் தேதி ஓரிடத்தில் உறைந்து நிற்பது எல்லாமே இந்த மூடிய அடுக்குகளின் வேலை.

என் போனில் ஓடுமா?

லினியேஜின் தளத்தில் உள்ள கருவிப் பட்டியலில் உங்கள் மாடலின் குறிப்பெயரைத் தேடுங்கள். கடையில் சொல்லும் பெயர் போதாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று வன்பொருள்கள் விற்கப்படுகின்றன. ஷாவ்மியின் போக்கோ எஃப்1-இன் குறிப்பெயர் பெரிலியம். போனை யுஎஸ்பியில் கணினியோடு இணைத்து, ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக, கெட்பிராப் கட்டளையில் ரோ.புராடக்ட்.டிவைஸ் என்று கேட்டால் குறிப்பெயர் வரும்.

பட்டியலில் இல்லையென்றால் அதிகாரபூர்வப் பதிப்பு இல்லை என்றே பொருள். பட்டியலில் சேர, கேமரா, வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ் போன்றவை எல்லாம் வேலை செய்ய வேண்டும், தரவு குறியாக்கம் இருக்க வேண்டும் என்று லினியேஜ் விதி வைத்திருக்கிறது. இதோடு, அந்த மாடலைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் விலகி, வேறு யாரும் முன்வராவிட்டால் மாடல் பட்டியலிலிருந்து போய்விடும். அதிகாரபூர்வமற்ற பதிப்புகள் வேறு இடங்களில் கிடைக்கும். அவற்றைக் கட்டியவர் யார், எந்தச் சாவியால் கையொப்பமிட்டார் என்று தெரியாமல் போடுவது வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பது மாதிரி.

பூட்லோடர் அன்லாக் எல்லாப் போனிலும் ஆகுமா?

ஆகாது. லினியேஜ் போட பூட்லோடரின் பூட்டைத் திறந்தாக வேண்டும், அதுதான் அன்லாக். பல பேருக்குப் பயணம் இங்கேயே முடிந்துவிடுகிறது. லினியேஜ் பட்டியலில் போன் இருக்கலாம், ஆனால் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒன்று திறக்காது.

பிக்சலில் கடையில் தனியாக வாங்கியது திறக்கும். அமெரிக்காவில் வெரைசன் வழி விற்றது திறக்காது. ஷாவ்மியில் கணக்கோடு போனைப் பிணைத்து, பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருந்து, அவர்களுடைய கணினிக் கருவியால் திறக்க வேண்டும். ஷாவ்மியின் புதிய மென்பொருளான ஹைப்பர்ஓஎஸ் வந்தபின் அந்த விதிகள் இன்னும் இறுகிவிட்டன. ஹுவாவே 2018-இல் அன்லாக் குறியீடு தருவதையே நிறுத்தியது. விவோவுக்கு வழியில்லை. சாம்சங்கில் அமெரிக்க ஸ்னாப்டிராகன் மாடல்கள் திறக்காது. திறக்கும் மாடல்களில் புறமென்பொருள் ஒன்றைப் போட்டதும் சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்பின் மின்னணு ஃபியூஸ் எரிந்து 0x1 என்று பதிவாகும். பிறகு பழைய மென்பொருளுக்குத் திரும்பினாலும் அது மாறாது. செக்யூர் ஃபோல்டரும் சாம்சங்கின் பணம் செலுத்தும் சேவையும் அந்தப் போனில் இனி இல்லை.

செகண்ட் ஹேண்டில் இதற்கென்றே போன் வாங்குபவர்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ சாம்பல் நிறத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். இணையத்தில் இணைத்த பிறகும் சாம்பலாகவே இருந்தால் அந்தப் போனை வைத்துவிட்டு வாருங்கள்.

போடும் முறை எப்படி? ஒரு போனை வைத்துச் சொல்ல முடியுமா?

போக்கோ எஃப்1-ஐ எடுத்துக்கொள்வோம். 2018-இல் ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்தது, ஷாவ்மி ஆண்ட்ராய்டு 10-உடன் நிறுத்தியது, லினியேஜ் அதற்கு அப்பாலும் கொண்டுபோனது. கீழே கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறோம். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

முதலில், போனை ஷாவ்மியின் கடைசி மென்பொருளுக்குக் கொண்டுவந்து விடுங்கள். லினியேஜ் அதற்குக் கீழுள்ள ஃபர்ம்வேரைத் தொடாது என்பதால், பழையதில் நின்றுவிட்டால் மோடம் அல்லது சென்சார் தகராறு செய்யும். பிறகு கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். வெளியேறாமல் அழித்தால், பின்னால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு வாசலிலேயே நிறுத்தும். படங்களையும் தொடர்புகளையும் கணினிக்கு நகலெடுங்கள். அன்லாக் செய்யும் நொடியில் போனில் உள்ள அனைத்தும் அழியும், விதிவிலக்கே இல்லை.

அன்லாக் முடிந்ததும் போனை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, கணினியிலிருந்து போனில் நேராக எழுதவிடும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போங்கள். கணினியில் ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ கட்டளை ஒரு வரிசை எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் விண்டோஸில் டிரைவர் இல்லை, அல்லது கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள். ஏஎம்டி கணினிகளில் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் அடிக்கடி அறுந்துபோகும். நடுவில் ஒரு பழைய யுஎஸ்பி 2 ஹப்பைச் செருகினால் சரியாகிவிடும். நூறு ரூபாய் சொச்சம் விலையுள்ள ஹப், பாதி நாள் தலைவலியைத் தீர்த்த கதைகள் ஏராளம்.

அடுத்து ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெகவரி ரெகவரி.ஐஎம்ஜி’. ரெகவரி என்பது ஆண்ட்ராய்டு எழாமலேயே புதிய அமைப்பை நிறுவ உதவும் சிறு மென்பொருள். அது ‘ஓகே’ என்றதும் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ரீபூட் கொடுத்துவிடுகிறார்கள். ஷாவ்மியின் மென்பொருள் ஒரு முறை எழுந்தாலே போதும், நீங்கள் போட்ட ரெகவரியை அழித்துத் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளும். அதனால் பவர் பொத்தானை அழுத்தி அணைத்து, திரை இருண்டதும் ஒலி கூட்டும் பொத்தானையும் பவரையும் பிடித்து நேராக ரெகவரிக்குள் நுழையுங்கள். லினியேஜின் சின்னம் தெரிய வேண்டும். ‘எம்ஐ ரெகவரி’ என்று வந்தால் திரும்பவும் ஃபாஸ்ட்பூட்டிலிருந்து தொடங்குங்கள்.

ரெகவரியில் ‘ஃபேக்டரி ரீசெட்’, அதற்குள் ‘ஃபார்மட் டேட்டா’. இதைத் தவிர்த்தால் பழைய குறியாக்கத்தைப் புதிய அமைப்பால் திறக்க முடியாமல், போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு ‘அப்ளை அப்டேட்’, ‘அப்ளை ஃப்ரம் ஏடிபி’. கணினியில் ‘ஏடிபி சைட்லோட்’ என்று தட்டி லினியேஜ் ஜிப் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் அதே வழியில் அடுத்த ஜிப், பின்பு ரீபூட். முதல் தடவை எழுந்துவர சில நிமிடம் பிடிக்கும். கால் மணி நேரம் ஆகியும் லோகோதான் என்றால் ஃபார்மட் செய்யும் படியை மறுபடி செய்யுங்கள்.

புதிய போன்களில் அமைப்பை வைக்க ஏ, பி என்று இரண்டு இடங்கள், அதாவது ஸ்லாட்டுகள், உண்டு. அவற்றில் ரெகவரியின் இடமும் கட்டளையும் மாறும். அதோடு லினியேஜ் போட்டதும், ஆப் பொதிக்கு முன், ஒரு முறை ரெகவரிக்கே ரீபூட் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் கூகுள் ஆப்கள் பழைய ஸ்லாட்டில் போய் உட்கார்ந்துவிடும், புதிய அமைப்பில் அவற்றைக் காணோம் என்று தேடுவீர்கள். உங்கள் மாடலுக்கான பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டே செய்யுங்கள். வேறொரு மாடலுக்கான வீடியோவைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

சைட்லோட் 47%-இல் நின்றுவிட்டதே?

நிற்கட்டும். கணினித் திரையில் 47-இல் நிற்பது சகஜம். மீதி வேலை போனுக்குள் நடக்கிறது. போன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், கேபிளைப் பிடுங்காதீர்கள். முடிவில் ‘ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்’ என்று முரணான வரி வந்தாலும் வேலை முடிந்ததாகவே பொருள்.

‘இ3004’ என்று வந்தால் கோப்பு வேறு மாடலுக்கானது. ‘இ3003’ என்றால் இருப்பதைவிடப் பழைய பதிப்பைப் போடப் பார்க்கிறீர்கள். ‘சிக்னேச்சர் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்று கூகுள் ஆப் பொதிக்கு வந்தால் ஆம் சொல்லித் தொடரலாம், அதற்கு லினியேஜின் கையொப்பம் இருக்காது. அதே செய்தி லினியேஜின் சொந்தக் கோப்புக்கு வந்தால் நிறுத்துங்கள். பதிவிறக்கம் பழுதாகியிருக்கலாம், கோப்பைச் சரிபார்க்கும் ஷா256 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிளே ஸ்டோர் ஏன் இல்லை?

பிளே ஸ்டோரும் பிளே சர்வீசும் கூகுளின் மூடிய சொத்து. உரிமம் இல்லாமல் சேர்த்து விநியோகிக்க முடியாது. வேண்டுவோர் மைண்ட் தி கேப்ஸ் என்ற பொதியைத் தனியே போட்டுக்கொள்ளலாம். நேரம் முக்கியம்: லினியேஜ் முதல் தடவை எழுவதற்கு முன்பே போட வேண்டும். எழுந்த பிறகு போட்டால் அனுமதிகள் குழம்பி பிளே சர்வீஸ் விழுந்துகொண்டே இருக்கும். அப்போது ஃபார்மட் செய்து மறுபடி தொடங்குவதுதான் ஒரே வழி.

கூகுளே வேண்டாம் என்பவர்களுக்கு ஓபன் சோர்ஸ் ஆப்களின் கடையான எஃப்-டிராய்டு போதும். நடுவழி வேண்டுபவர்களுக்கு, பிளே சர்வீசுக்குப் பதிலாக ஓடும் ஓபன் சோர்ஸ் மாற்றான மைக்ரோஜி இருக்கிறது.

ஜிபே, போன்பே, வங்கி ஆப்கள் ஓடுமா?

ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையை வங்கி ஆப்கள் கேட்கின்றன. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று சிப்புக்குள் இருக்கும் சாவியைக் கொண்டே அது பார்க்கிறது. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-இலும் அதற்கு மேலும் இந்தச் சோதனை இன்னும் கடுமையாகிவிட்டது. சில ஆப்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, சில எச்சரித்துவிட்டு விடுகின்றன, சில திறக்கவே மறுக்கின்றன. இன்று ஓடியது அடுத்த புதுப்பிப்பில் நிற்கலாம். இதை ஏமாற்றும் வழிகளை லினியேஜ் குழு சேர்ப்பதில்லை.

எங்கள் கருத்து வெளிப்படையானது: டீக்கடையில் க்யூஆர் காட்டிப் பணம் கொடுப்பதே இந்தப் போன்தான் என்றால் அதில் லினியேஜ் போடாதீர்கள். யுபிஐக்கு சிம்மும் அதே போனில் இருந்தாக வேண்டும் என்பதால், வேறு போனில் வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் எளிதல்ல.

ஜியோ சிம்மில் அழைப்பு போகுமா?

வோல்ட்டி வேலை செய்தால் போகும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி இல்லாத போனில் இணையம் வரும், அழைப்பு மட்டும் வராது. ஏர்டெல்லில் 2ஜி இருப்பதால் அழைப்பு ஒருவாறு நடக்கும், பேசும் நேரத்தில் இணையம் நின்றுவிடும். குவால்காம் சிப் கொண்ட ஷாவ்மி, ஒன்பிளஸ், மோட்டோ மாடல்களில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. சாம்சங் தன் வோல்ட்டியைத் தன் மென்பொருளோடு பின்னிவைத்திருப்பதால் பல சாம்சங் மாடல்களில் லினியேஜில் அது வராது. ஜியோ மட்டும் வைத்திருப்பவர் சாம்சங்கில் போடுவதற்கு முன் இதை இரண்டு முறை விசாரியுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் மங்கலாக இருக்கிறது. ஏன்?

பூட்லோடரைத் திறந்ததும் பல போன்களில், வீடியோவை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் பூட்டின் எல்1 அனுமதி எல்3-க்கு இறங்கிவிடும். அதன்பின் 480பி தெளிவுதான். பூட்லோடர் திறந்திருக்கும் வரை அது மாறாது.

கேமரா?

லினியேஜின் சொந்த கேமரா ஆப் அபர்ச்சர். வேகமானது, எளிமையானது. ஆனால் இரவுப் படம், முகப் பொலிவு போன்றவை கம்பெனியின் கணக்கீட்டு மென்பொருளில் இருந்தவை, அவை வராது. கேமராவுக்காகவே வாங்கிய போன் என்றால் ஏமாற்றம் நிச்சயம்.

பாதுகாப்பு கூடுமா, குறையுமா?

இரண்டும். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொடுங்கள். இரண்டு தேதிகள் தெரியும். ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி ஒன்று. அண்மையில் வந்த மாதம் அதில் இருக்கும். அதற்குக் கீழே வெண்டர் தேதி. கம்பெனி கைவிட்ட போனில் அது வருடக்கணக்கில் பின்தங்கி நிற்கும், ஏனெனில் மூடிய பிளாப்களைத் திருத்த கம்பெனியைத் தவிர யாராலும் முடியாது. மேல்மாடிக்குப் புதுப் பூட்டு, தரைத்தளத்துக்குப் பழைய பூட்டு. 2020-க்குப் பின் எந்தத் திருத்தமும் வராத கம்பெனி மென்பொருளோடு ஒப்பிட்டால் லினியேஜ் பல மடங்கு மேல். இன்னும் கம்பெனி புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும் போனோடு ஒப்பிட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

அன்லாக் ஆன போன் கையில் கிடைத்தவர் அமைப்பை மாற்றி எழுதலாம். குறியாக்கம் இருப்பதால், திரைப் பூட்டு வலுவாக இருந்தால் உங்கள் கோப்புகளைப் படிப்பது கடினம். நாலு இலக்க பின்னை விட்டு நீளமான கடவுச்சொல்லுக்கு மாறுங்கள்.

முடித்த பிறகு பூட்லோடரை மறுபடி பூட்டலாமா?

வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் பூட்லோடர், கம்பெனியின் கையொப்பத்தை மட்டுமே நம்பும். லினியேஜ் இருக்கும்போது பூட்டினால் போன் எழ மறுக்கும், செங்கல் மாதிரி கிடக்கும். பூட்டிய நிலையிலேயே ஓபன் சோர்ஸ் அமைப்பு வேண்டுமென்றால் பிக்சல் வாங்கி கிராஃபீன்ஓஎஸ் போடுங்கள். அதன் நோக்கமே வேறு: பழைய போனைக் காப்பாற்றுவது அல்ல, புதிய போனை இறுக்குவது.

புதுப்பிப்பு எப்படி வரும்?

அப்டேட்டர் என்ற ஆப் வழியாக, பொதுவாக வாரம் ஒன்று. தரவு அழியாது, கூகுள் ஆப்களும் அப்படியே இருக்கும். ஆனால் 21-இலிருந்து 22-க்குப் போவது போன்ற பெரிய தாவல் அப்டேட்டரில் வராது. சைட்லோட் வழியாகத்தான் செய்ய வேண்டும், புதிய ஆண்ட்ராய்டுக்கான கூகுள் ஆப் பொதியையும் அதே அமர்வில், போன் எழுவதற்கு முன் போட வேண்டும்.

ரூட் இருக்கிறதா?

போனில் எதையும் மாற்றும் முழு அதிகாரம்தான் ரூட். ஆப்களுக்கு அது இல்லை. கணினியிலிருந்து ஏடிபி வழி ரூட் மட்டும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உண்டு. ஆப்களுக்கும் ரூட் தரும் மேஜிஸ்க் கருவியைப் போட்டுக்கொண்டால் அது உங்கள் பொறுப்பு. அந்த நிலையில் வரும் கோளாறுகளை லினியேஜில் புகாராக ஏற்க மாட்டார்கள்.

தமிழ் ஆதரவு எப்படி?

செட்டிங்ஸில் தமிழைத் தேர்ந்தால் முகப்பு பெரும்பாலும் தமிழாகிவிடும், எழுத்துருவும் உள்ளேயே இருக்கிறது. உடன்வரும் விசைப்பலகையில் தமிழ் எழுத்து வரிசை உண்டு, ‘அம்மா’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் தமிழாக்கும் வசதி இல்லை. அது பழகியவர்கள் வேறு விசைப்பலகை ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும். லினியேஜ் தானே சேர்த்த அம்சங்களின் சொற்கள் கிரவுடின் தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. நிரல் தெரியாதவர்களும் பங்களிக்கக்கூடிய இடம் அது.

நானே மூல நிரலிலிருந்து கட்ட முடியுமா?

முடியும். ஏஓஎஸ்பிக்கு கூகுள் சொல்லும் அளவு 400 ஜிபி வட்டு இடம், 64 ஜிபி ரேம். நிரலை இறக்கவே சாதாரண வீட்டு இணைப்பில் ஒரு நாள் போகலாம். சொந்தமாகக் கட்டியதன் கையொப்பச் சாவி வேறு என்பதால் அதிகாரபூர்வப் பதிப்பின் மேல் நேராகப் போட முடியாது, ஃபார்மட் செய்தாக வேண்டும். 2025-இல் ஆண்ட்ராய்டு 16 வெளியானபோது பிக்சல்களின் வன்பொருளுக்கு ஏற்ற நிரலை கூகுள் உடன் வெளியிடவில்லை. அதுவரை கைக்கெட்டும் மாதிரியாக இருந்த பிக்சலும் இப்போது மற்ற போன்களைப் போலவே கையால் உழைத்துக் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது.

பிடிக்கவில்லை. கம்பெனி மென்பொருளுக்குத் திரும்பலாமா?

திரும்பலாம். ஷாவ்மியில் உங்கள் குறிப்பெயருக்கான ஃபாஸ்ட்பூட் ரோமை (கம்பெனி மென்பொருளின் முழுப் பொதி) இறக்கி, எம்ஐஃபிளாஷ் கருவியில் கொடுத்தால் போதும். இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, முன்பிருந்ததைவிடப் பழைய ரோமைக் கொடுக்காதீர்கள். திரும்பிப்போவதைத் தடுக்கும் எண் கூடியிருந்தால் போன் அதோடு போச்சு. இரண்டாவது, அந்தக் கருவியின் அடியில் ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். சீனாவுக்கு விற்ற போனில் உலகப் பதிப்பைப் போட்டு அந்தத் தேர்வோடு ஓட்டினால், பூட்டிய பூட்லோடர் அந்த ரோமை ஏற்காமல் நின்றுவிடும். ‘கிளீன் ஆல்’ மட்டும் தேர்ந்து, போன் நன்றாக எழுந்து, சிம் வேலை செய்து, அபவுட் பக்கத்தில் இரண்டு ஐஎம்இஐ எண்களும் தெரிந்த பிறகு பூட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.